பழைய சைக்கிளின் பிபியைக் கழற்றி ஓவராயில் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருப்பு பெயின்ட் அடித்த, பார் வைத்த பழைய சைக்கிள் ஒன்று பல வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் சாய்ந்து கிடக்கிறது. டயர், டியூப் மாற்றி, பிரேக் கட்டை போட்டு ஓட்டிப் பார்த்தால் மிதிக்கிற இடத்தில் மட்டும் 'கடக் கடக்' என்று ஒரு சத்தம் வரும். "பிபி போச்சு, வண்டியே பழசு, விட்டுடுங்க" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். பிபி என்பது இரண்டு கிராங்குக்கும், அதாவது பெடல் மாட்டியிருக்கும் இரண்டு கைக்கும், நடுவில் இருக்கும் பேரிங் பகுதி. பெரும்பாலான வண்டிகளில் பிபி போயிருக்காது. கிரீஸ் காய்ந்திருக்கும், பேரிங் குண்டு தேய்ந்திருக்கும், அவ்வளவுதான். அப்பா ஓட்டிய ஹெர்குலிஸ் இன்னும் என்னிடம் ஓடுகிறது. அதையும், நண்பர்கள் கொண்டுவந்து நிறுத்திய வண்டிகளையும் கழற்றிப் பூட்டியதில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாமே காட்டர் பின் (கிராங்கை ஆக்சிலோடு பிடித்து நிறுத்தும் ஆப்பு) போட்ட கிராங்க் உள்ள பழைய வண்டியை மனதில் வைத்து எழுதியவை. மற்ற வகைகளைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

பிபி என்பது எது? உள்ளே என்ன இருக்கிறது?

இரண்டு கிராங்குக்கும் நடுவில், பிரேமின் அடிப்பக்கத்தில், குறுக்காக ஒரு குட்டைக் குழாய் இருக்கும். சீட்டிலிருந்து இறங்கும் குழாயும் ஹேண்டில்பார் பக்கமிருந்து சரிந்து வரும் குழாயும் அதில்தான் வந்து சேரும். பாட்டம் பிராக்கெட் என்பதைத்தான் கடையில் பிபி என்கிறார்கள்.

அதற்குள் ஒரு ஆக்சில். ஆக்சிலின் இரண்டு முனையிலும் குண்டு உருள்வதற்காகக் கடைந்த வளைவு. குழாயின் இரு பக்கமும் மரை வெட்டி, கிண்ணம் போன்ற கப் ஒன்றை உள்ளே திருகியிருப்பார்கள். ஆக்சிலுக்கும் கப்புக்கும் இடையில் கால் அங்குலக் குண்டுகள். செயின் இருக்கும் வலது பக்கத்துக் கப் இறுக்கி வைத்து அப்படியே விட்டுவிட வேண்டியது. இடது பக்கத்துக் கப்தான் கூட்டிக் குறைத்து அட்ஜஸ்ட் செய்வதற்கு. அது நகராமலிருக்க வெளியே ஒரு லாக் ரிங். இவ்வளவு சாமான்தான் மொத்தமும்.

சத்தம் பிபியிலிருந்துதான் வருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெடலைப் பிடிக்காதீர்கள், பெடல் தனியாக ஆடும். கிராங்கின் நுனியையே பிடித்து, வண்டிக்குப் பக்கவாட்டில் தள்ளி இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கத்தை ஆட்டும்போது மறுபக்கத்துக் கிராங்கும் சேர்ந்து ஆடினால் ஆட்டம் பிபியில். ஒன்று மட்டும் ஆடி மற்றது சும்மா இருந்தால், ஆடுகிற பக்கத்துக் காட்டர் பின் லூஸ்.

சத்தத்திலும் வித்தியாசம் தெரியும். ஒரு சுற்றுக்கு ஒரே இடத்தில் ஒருமுறை 'டக்' என்று வந்தால் முதலில் காட்டர் பின்னையும் பெடலையும் சந்தேகப்படுங்கள். மாவு அரைக்கிற மாதிரி சுற்று முழுக்க 'கரகர' என்றால் பிபி. செயினைக் கழற்றிவிட்டு ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை பிபி குழாயில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கிராங்கைச் சுற்றுங்கள். நல்ல பிபி என்றால் காதில் மெல்லிய இரைச்சல்தான் கேட்கும். குண்டு உடைந்திருந்தால் கூழாங்கல்லை டப்பாவில் போட்டுக் குலுக்கியது போலக் கேட்கும். ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு மறக்காது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை ஓவராயில் செய்ய வேண்டும்?

தினமும் ஓட்டுகிற வண்டிக்கு வருடம் ஒருமுறை போதும். மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் செய்வது என் வழக்கம். ஐப்பசி, கார்த்திகையில் உள்ளே போன தண்ணீர் அப்போதுதான் வெளியேறும். கடலோர ஊர்க்காரர்கள் இன்னும் கொஞ்சம் அடிக்கடி திறந்து பார்ப்பது நல்லது.

என்னென்ன சாமான் எடுத்து வைக்க வேண்டும்?

ஒரு கிலோ எடையுள்ள சுத்தியல். சின்ன சுத்தியல் வேண்டாம், காரணம் அடுத்த பதிலில் வருகிறது. காட்டர் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பானர், ஒரு பஞ்ச், மொட்டையான பழைய உளி, டீசல் அல்லது மண்ணெண்ணெய், கிரீஸ், பழைய துணி, குண்டுகளைப் போட்டு வைக்க ஒரு கிண்ணம். புதிதாக ஒரு ஜோடி காட்டர் பின்னும் கால் அங்குலக் குண்டு இரண்டு டஜனும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். லாக் ரிங்கைத் திருப்பும் கொக்கி ஸ்பானர் கிடைத்தால் மகிழ்ச்சி, இல்லாவிட்டாலும் வேலை நிற்காது.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது அரை அங்குல ஜி.ஐ. பைப் துண்டு ஒன்று. பிளம்பர் வெட்டிப்போட்ட துண்டே போதும்.

பைப் துண்டு எதற்கு? காட்டர் பின்னைச் சுத்தியலால் தட்டினால் வராதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். முட்டுக் கொடுக்காமல் காட்டர் பின்னை அடிக்கக் கூடாது.

காட்டர் பின் ஓர் ஆப்பு. ஒரு பக்கம் சரிவாக ராவிய தட்டை முகம் இருக்கும். அது ஆக்சிலில் வெட்டியிருக்கும் பள்ளத்தோடு முட்டிக்கொண்டு கிராங்கைப் பிடித்து நிற்கும். வருடக்கணக்கில் மிதித்து மிதித்து அது இறுகிப் போயிருக்கும், துருவும் சேர்ந்திருக்கும். கிராங்க் அந்தரத்தில் நிற்கும்போது பின்னை அடித்தால் அடியின் வேகம் பின்னை நகர்த்துவதில் போகாது. கிராங்க் கீழே துள்ளும், அதோடு ஆக்சிலும் துள்ளும். அந்த அடி முழுவதையும் வாங்கிக்கொள்வது உள்ளே இருக்கும் குண்டும் கப்பும். பத்து அடி அடித்தால் கப்பில் குண்டின் அச்சு பத்து இடத்தில் குழி விழுந்துவிடும். நன்றாக இருந்த பிபி, கழற்றும்போதே செத்துப்போவது இப்படித்தான். பள்ளிக்கூட நாட்களில் என் வண்டியை ஒரு கடையில் விட்டிருந்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தரத்தில் தொங்கும் கிராங்கில் இருபது முப்பது அடி விழுந்தது. பின் வரவில்லை, அதன் மரை நசுங்கியதுதான் மிச்சம். கடைசியில் கப்பும் ஆக்சிலும் புதிதாகப் போடவேண்டி வந்தது. தொடக்கத்தில் அந்த வண்டிக்குத் தேவைப்பட்டது கிரீஸ் மட்டும்தான்.

சரி, முறை இதுதான். முந்தின நாள் இரவே பின்னின் இரண்டு முனையிலும் டீசலில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவிடுங்கள். மறுநாள் வண்டியை சிமென்ட் தரையில், முடிந்தால் கருங்கல் மேல் நிறுத்துங்கள். கிராங்கைப் படுக்கைவாட்டில் வையுங்கள். பின்னின் மரை முனை மேலே, தடித்த தலை கீழே இருக்கும்படி திருப்புங்கள். தரையிலிருந்து கிராங்கின் அடிப்பாகம் வரைக்கும் உள்ள உயரத்துக்கு பைப்பைச் சரியாக வெட்டி நிறுத்துங்கள். பின்னின் தலை பைப்பின் வாய்க்குள் இறங்க வேண்டும், பைப்பின் விளிம்பு கிராங்கைத் தாங்க வேண்டும். ஒரு விரல் இடைவெளிகூட இருக்கக் கூடாது. குறைந்தால் அடியில் இரும்புத் தகடு செருகி ஏற்றுங்கள். வண்டியின் எடை பைப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நட்டை முழுக்கக் கழற்றிவிடாதீர்கள். அதன் மேல்முகமும் பின்னின் நுனியும் ஒரே மட்டமாக வரும்வரை திருப்பி விடுங்கள். மரை நசுங்காமல் நட்டு காப்பாற்றும். இன்னொருவரை வண்டியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நேராக, தயங்காமல் ஓங்கி ஓர் அடி. சின்ன சுத்தியலால் டொக் டொக்கென்று தட்டினால் பின்னின் நுனி காளான் மாதிரி விரிந்து ஓட்டைக்குள்ளேயே இறுகிக்கொள்ளும். பெரிய சுத்தியலின் ஒரு நல்ல அடி அதை நகர்த்தும். நகர்ந்துவிட்டால் சத்தமே மாறிவிடும். கணீரென்று கேட்டது மந்தமாகக் கேட்கும். அப்புறம் நட்டை எடுத்துவிட்டு பஞ்சை வைத்து மீதியைத் தட்டி வெளியே எடுங்கள்.

பின் வளைந்துவிட்டது, மரையும் போய்விட்டது. இனி என்ன வழி?

வளைந்த பின்னை மேலும் அடிக்காதீர்கள். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை ஆக்சா பிளேடால் கிராங்கோடு மட்டமாக அறுங்கள். நடுவில் பஞ்சால் ஒரு புள்ளி வைத்து, முதலில் 3 மி.மீ., பிறகு 6 மி.மீ. ட்ரில் போடுங்கள். நடுப்பகுதி காலியானதும் பின்னின் பிடி தளர்ந்துவிடும். மறுபடி முட்டுக் கொடுத்து, பஞ்ச் வைத்து அடித்தால் வந்துவிடும். ட்ரில் சாய்ந்து ஆக்சிலைத் தின்றுவிடாமல் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. வீட்டில் ட்ரில் இல்லையென்றால் லேத் பட்டறையில் பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுப்பார்கள்.

ஒரு பக்கத்துக் காட்டரை மட்டும் எடுத்தால் போதாதா?

போதாது. ஆக்சில் இடது பக்கமாகத்தான் வெளியே வரும். வலது கப்பின் ஓட்டைக்குள் ஆக்சிலின் தடித்த வளைவு நுழையாது. அதனால் இடது கப், இரண்டு கிராங்க், மூன்றும் வந்தாக வேண்டும். முழு செயின் கவர் போட்ட வண்டியில் கவரையும் இறக்க வேண்டியிருக்கும். அலுப்புத்தான், ஆனால் கவரின் உள்ளே பல வருடச் சேறு இருக்கும், அதையும் கழுவிவிடலாம்.

இடது கப்பை எப்படி எடுப்பது?

முதலில் லாக் ரிங். இடது பக்கத்திலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கழலும். கொக்கி ஸ்பானர் இல்லாவிட்டால் ரிங்கில் இருக்கும் வெட்டில் மொட்டை உளியைச் சாய்வாக வைத்துத் தட்டுங்கள். கூர்மையான உளி ரிங்கை வெட்டிவிடும். ரிங் போனதும் கப் பெரும்பாலும் லேசாகவே திரும்பும், அதுவும் அதே திசைதான்.

கழற்றும் முன் வண்டியை வலது பக்கமாகப் படுக்கவைத்து, அடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துவிடுங்கள். கப்பைத் தூக்கும்போது இடது பக்கக் குண்டுகள் சில கப்போடு வரும், சில ஆக்சிலில் ஒட்டியிருக்கும், இரண்டொன்று உள்ளே விழும். அப்படியே எல்லாவற்றையும் கிண்ணத்தில் போட்டு எண்ணுங்கள். ஆக்சிலை உருவுவதற்கு முன்னால் அதன் எந்த முனை எந்தப் பக்கம் இருந்தது என்று ஒரு கோடு போட்டு வையுங்கள். செயின் வீலுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் வலது முனை பெரும்பாலும் கொஞ்சம் நீளமாக இருக்கும். மாற்றிப் போட்டால் செயின் வீல் பிரேமில் உரசும்.

வலது கப்பையும் கழற்ற வேண்டுமா?

வேண்டாம். அதை அப்படியே வைத்துக்கொண்டு, விரலில் துணியைச் சுற்றி உள்ளே விட்டுத் துடைத்தாலே சுத்தமாகிவிடும். டார்ச் அடித்துப் பார்த்தால் குழி இருக்கிறதா என்றும் தெரிந்துவிடும். குழி விழுந்து மாற்றியே ஆக வேண்டும் என்றால் மட்டும் கைவையுங்கள்.

அப்படி வைக்கும்போது திசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வலது கப்புக்கு இடது மரை. வலது பக்கமிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் திருப்பினால்தான் கழலும். வழக்கம்போல எதிர்த்திசையில் இழுத்து, இன்னும் இறுக்கிவிட்டு "அசையவே மாட்டேங்குது" என்பவர்கள் நிறையப் பேர். ஞாபகம் வைத்துக்கொள்ள எளிய வழி: வண்டி முன்னால் போகும்போது சக்கரம் எந்தப் பக்கம் உருளுமோ, அந்தப் பக்கம் திருப்பினால் இரண்டு கப்பும் கழலும். பின்னால் திருப்பினால் இரண்டும் இறுகும். பெடல் இதற்கு நேர்மாறு, பின்பக்கம் திருப்பினால் கழலும்.

வலது கப்பில் பிடித்துத் திருப்புவதற்கு மெல்லிய தட்டை விளிம்புதான் இருக்கும், சாதாரண ஸ்பானர் வழுக்கிவிடும். அதற்கு ஒரு நல்ல வழி உண்டு. கப்பின் ஓட்டைக்குள் நுழைகிற அளவுக்குத் தடித்த போல்ட் ஒன்றை உள்ளிருந்து வெளியே விடுங்கள். உள்ளே போல்ட் தலைக்கு அடியில் வாஷர், வெளியே வாஷரும் நட்டும். கப் இரண்டு வாஷருக்கும் நடுவில் நசுங்கிப் பிடிபடும்படி இறுக்கி, பெரிய ஸ்பானரால் நட்டை மேலும் கடிகார முள் திசையில் திருப்புங்கள். நட்டு இதற்கு மேல் இறுக முடியாது என்கிற நிலை வந்ததும் கப்பே சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும். அது கழலுகிற திசையும் அதுவேதான். இடது மரையாக இருப்பது இங்கே நமக்கு உதவியாகிறது.

வலது பக்கத்துக்கு மட்டும் ஏன் இடது மரை?

ஒரு வளையலையும் ஒரு ரூபாய் நாணயத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். வளையலை மேசையில் படுக்கவைத்து, அதன் உள்விளிம்பை ஒட்டி நாணயத்தை வழுக்காமல் உருட்டுங்கள். நாணயம் வளையலைக் கடிகார முள் திசையில் சுற்றிவரும்போது, நாணயத்தில் இருக்கும் எழுத்தைக் கவனியுங்கள். நாணயம் தன்னைத்தானே எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருக்கும்.

பிபி குழாய்தான் வளையல், கப்தான் நாணயம். மரை எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் மயிரிழை இடைவெளி இருக்கும். மிதிக்க மிதிக்க அழுத்தம் விழும் இடம் மாறி மாறி வரும்போது கப் குழாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் எதிர்த்திசையில் உருண்டு நகரப் பார்க்கும். அந்த நகர்வு கப்பை இறுக்கும் பக்கமாக அமைய வேண்டும் என்றுதான் வலது பக்கத்துக்கு இடது மரை வைத்தார்கள். இத்தாலியப் பழைய வண்டிகளில் இரண்டு பக்கமும் வலது மரைதான். அவற்றில் வலது கப் தானாகத் தளர்வது பழைய தொல்லை.

நம் ஊர் வண்டிகளில் இருக்கும் இந்த மரைக்கு பிஎஸ்ஏ மரை என்று பெயர். பர்மிங்காமில் துப்பாக்கி செய்துகொண்டிருந்த கம்பெனியின் பெயர்தான் பிஎஸ்ஏ. கப்பின் விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. அம்பத்தூரில் 1949-இல் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கியபோது இங்கிலாந்து டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கூட்டாளியாக இருந்தது. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பிஎஸ்ஏ எல்லாம் நம் தெருவுக்கு வந்தது அந்த வழியில்தான். அந்த மரைக் கணக்கே இன்றைக்கும் உலகம் முழுக்கப் புது வண்டிகள் பலவற்றில் தொடர்கிறது.

குண்டு எத்தனை போட வேண்டும்?

பக்கத்துக்கு 11, மொத்தம் 22. கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. பன்னிரண்டாவதும் நுழையும் போலத் தோன்றும், திணிக்காதீர்கள். குண்டுகளுக்குள் கொஞ்சம் இடம் இருந்தால்தான் ஒன்றையொன்று தேய்க்காமல் உருளும். உங்கள் வண்டியில் கூட்டுக்குள் அடைத்த குண்டு இருந்தால் அதை எடுத்துவிட்டு உதிரிக் குண்டு போடலாம். எண்ணிக்கை கூடுவதால் பாரம் பிரிந்து விழும்.

பழைய குண்டைத் திரும்பப் போடாதீர்கள், பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் சரி. பழையதும் புதியதும் கலப்பது இன்னும் மோசம். தேய்ந்த குண்டு சும்மா இருக்க, புதுக் குண்டுகளே பாரம் முழுவதையும் சுமக்கும்.

எதில் கழுவுவது?

டீசல் அல்லது மண்ணெண்ணெய். பெட்ரோல் வேண்டாம், தீப்பிடிக்கும் ஆபத்து. கழுவிய கறுப்புத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் ஒரு பாட்டிலில் பிடித்து வைத்து, பழைய இன்ஜின் ஆயில் வாங்கிக்கொள்ளும் மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

கப்பும் ஆக்சிலும் நன்றாக இருக்கிறதா, மாற்ற வேண்டுமா?

சுத்தமாகத் துடைத்த பிறகு வெளிச்சத்தில் பாருங்கள். குண்டு ஓடிய தடம் ஒரு பளபளப்பான கோடாகத் தெரியும். அது வழவழப்பாக இருந்தால் நல்லது, கோடு தெரிவது தேய்மானம் இல்லை. பால் பாயின்ட் பேனாவின் நுனியை அந்தக் கோட்டின் மேல் மெதுவாக ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் இன்னும் பல வருடம் ஓடும். எங்காவது தடுக்கினால் அங்கே குழி. கண்ணுக்குத் தெரியாத குழியைக்கூட பேனா காட்டிக்கொடுக்கும்.

பெரும்பாலும் முதலில் போவது ஆக்சில்தான். மிதியின் பாரம் அதன் ஒரே பகுதியில் திரும்பத் திரும்ப விழுவதால் ஒரு பக்கம் மட்டும் மீன் செதில் மாதிரி பெயர்ந்திருக்கும். அப்படி இருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். நீளம், வளைவுகளுக்கு இடையிலான தூரம், காட்டர் பள்ளம் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள். வாயால் "ஹெர்குலிஸ் ஆக்சில்" என்று சொல்லி வாங்கினால் இரண்டு முறை அலைய நேரிடும்.

எந்த கிரீஸ்? எவ்வளவு?

லித்தியம் கலந்த சாதாரண பேரிங் கிரீஸ். தாராளமாகப் போடுங்கள். கப்பின் வளைவு நிரம்ப அப்பி, குண்டுகளை அதில் ஒவ்வொன்றாக அழுத்தி உட்காரவைத்து, மேலே இன்னொரு பூச்சு. மிஞ்சியது பிதுங்கி வெளியே வந்தால் துடைத்துக்கொள்ளலாம். மரையிலும் பூசுங்கள், அடுத்த வருடம் கப் சுலபமாக வரும்.

பிபி குழாயின் மேல் சின்ன மூடி வைத்த துளை இருந்தால், அது எண்ணெய் விடுவதற்காக அந்தக் காலத்தில் வைத்தது. அதன் வழியாகத் தூசி போகாமல் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒரு கைவேலை. தண்ணீர் பாட்டிலின் நடுப்பகுதியைக் கத்தரித்து, பட்டையாக உருட்டி, இரண்டு கப்புக்கும் நடுவில் குழாய்க்குள் விட்டுவிடுங்கள். சீட்டுக் குழாய் வழியே உதிரும் துருத்தூள் கிரீஸில் கலக்காது. என் வண்டியில் இதைச் செய்த பிறகு, திறக்கும்போதெல்லாம் கிரீஸ் போட்ட நிறத்திலேயே இருக்கிறது.

அட்ஜஸ்ட் செய்யும்போது எவ்வளவு இறுக்க வேண்டும்?

பொறுமை தேவைப்படுகிற இடம் இதுதான். ஆக்சிலை நீள முனை வலது பக்கம் போகும்படி உள்ளே விட்டு, இடது கப்பைக் கையால் திருகிக்கொண்டே வாருங்கள். குண்டு தொட்டதும் நிற்கும். இரண்டு விரலால் ஆக்சிலைப் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். சொரசொரப்பாக, விட்டு விட்டு நகர்ந்தால் இறுக்கம் அதிகம். மேலும் கீழும் அசைத்தால் 'டிக் டிக்' என்றால் லூஸ். இரண்டும் இல்லாத ஒரு இடம் இருக்கும், கப்பைக் கால் சுற்றுக்கும் குறைவாக முன்னும் பின்னும் நகர்த்தித்தான் அதைக் கண்டுபிடிக்க முடியும். வெண்ணெய்க்குள் சுற்றுவது போல விரலுக்குத் தெரியும்.

கண்டுபிடித்துவிட்டு லாக் ரிங்கை இறுக்கினால் கப்பும் கூடவே கொஞ்சம் திரும்பி, எல்லாம் இறுகிவிடும். முதல் முறை எல்லோருக்கும் இது நடக்கும். அதனால் கப்பை மயிரிழை லூஸாக வைத்துவிட்டு, அதை நகராமல் பிடித்துக்கொண்டு ரிங்கை இறுக்குங்கள். திரும்பவும் சுற்றிப் பாருங்கள். நான்கைந்து தடவை ஆகலாம். கிராங்க் மாட்டியதும் அதன் நுனியைப் பிடித்து ஆட்டி இன்னொரு முறை சரிபாருங்கள். விரலுக்குத் தெரியாத சின்ன ஆட்டம்கூட கிராங்கின் நீளத்தில் பெரிதாகத் தெரியும்.

காட்டர் பின்னைத் திரும்பப் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும். ஒரு கிராங்க் முன்னாலும் மற்றது பின்னாலும் படுத்திருக்கும்போது, ஒன்றின் நட்டு மேலே இருந்தால் இன்னொன்றின் நட்டு கீழே இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பக்கமாகப் போட்டுவிட்டால் கிராங்குகள் நேர்கோட்டில் நிற்காமல் கோணிக்கொள்ளும், மிதிக்கும்போது கால் தடுமாறும்.

சரிவு முகம் ஆக்சிலின் பள்ளத்தோடு முழுக்கப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பின்னை ஒருமுறை லேசாக அடித்து எடுத்தால் எங்கே உரசியதோ அங்கே மினுங்கும். ஒரு மூலையில் மட்டும் மினுங்கினால் அரத்தால் அந்த இடத்தை ராவி, முகம் முழுக்கப் படியும்படி செய்யுங்கள். இந்த ஐந்து நிமிடத்தைத் தாண்டிப் போய்விடுவதால்தான் பல வண்டிகளில் மறுவாரமே 'டக் டக்' என்று ஆரம்பிக்கிறது.

பின்னை உள்ளே இழுக்கும் வேலை நட்டுடையது இல்லை. இந்தத் தடவை பைப்பை கிராங்கின் மறுபக்கத்தில் முட்டுக் கொடுத்து, பின்னின் தலையில் அடித்து இறக்குங்கள். பிறகு வாஷர் போட்டு நட்டை அளவாக இறுக்குங்கள், அது பின் நழுவாமல் பிடித்துக்கொள்ளத்தான். நட்டைப் போட்டு இழுத்தால் மரை உருவிக்கொண்டு வந்துவிடும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிய பிறகு முட்டுக் கொடுத்து இன்னொரு அடி, நட்டுக்கு இன்னொரு இறுக்கு. இதைச் செய்தால் அடுத்த ஓவராயில் வரை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

வெள்ளத்தில் மூழ்கிய சைக்கிள் பிழைக்குமா?

பிழைக்கும், ஆனால் சீக்கிரம் கைவைக்க வேண்டும். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீரில் நின்ற வண்டிகள் சிலவற்றைத் திறந்திருக்கிறேன். ஒரு வாரத்துக்குள் திறந்தவற்றில் கிரீஸ் பால் நிறத்தில் குழம்பியிருந்தது, கழுவிப் போட்டதும் சரியாகிவிட்டது. மாதக்கணக்கில் அப்படியே நின்றவற்றில் குண்டும் கப்பும் துருவில் ஒன்றாகப் பிடித்திருந்தன. சுற்றாத பிபியை வலுவாக மிதித்துச் சுற்றவைக்க முயலாதீர்கள், துரு அரம் போல வேலை செய்யும். முதலில் சீட்டைக் கழற்றி, வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சீட்டுக் குழாயில் தேங்கிய தண்ணீரை வடியவிடுங்கள்.

இங்கிலாந்தில் செய்த பழைய ராலே இருக்கிறது. இதே சாமான் பொருந்துமா?

பார்த்து வாங்குங்கள். நாட்டிங்காமில் செய்த பழைய ராலே வண்டிகளில் அங்குலத்துக்கு 26 மரை. விட்டம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் 24 மரைக் கப் இரண்டு சுற்று உள்ளே போகும், பிறகு சிக்கும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். பலம் கொடுத்துத் திருகினால் பிரேமின் மரையே போய்விடும், பிரேமுக்கு மாற்று கிடையாது. அந்த வண்டியின் சொந்தக் கப்பை எறியவே எறியாதீர்கள்.

காட்டர் பின் இல்லாத வண்டிக்கு?

கிராங்கின் நடுவில் போல்ட் இருந்து, ஆக்சிலின் முனை சதுரமாக இருந்தால் கிராங்க் புல்லர் என்ற கருவி வேண்டும். சுத்தியல் வேலை இல்லை. அவற்றில் பலவற்றின் பிபி மூடிய டப்பாவாக வரும், கெட்டால் முழுசாக மாற்ற வேண்டியதுதான். குழந்தைகள் வண்டியில் இரண்டு கிராங்கும் ஒரே கம்பியாக வளைந்து வரும் வகை உண்டு. அதன் இடது பக்க நட்டுக்கு இடது மரை, கடிகார முள் திசையில் கழலும்.

நானே செய்ய முடியாது, கடையில்தான் கொடுக்கப்போகிறேன். என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்?

"அண்ணே, முட்டுக் கொடுத்து காட்டர் அடிங்க, குண்டு பூராவும் புதுசா போடுங்க, பழைய ஆக்சிலை மாத்துறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டுங்க." இந்த மூன்றும் போதும். முடிந்தால் பைப் துண்டை நீங்களே கையில் எடுத்துக்கொண்டு போங்கள். காட்டர் அடிக்கும்போது வண்டியைப் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் எப்படியும் தேவை, அந்த ஆளாக நீங்களே நில்லுங்கள்.